வெளியீட்டுக்குப் பிறகு கையேட்டை எங்கே வைப்பது?

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்புகளை யூனிக்கோட்டுக்கு மாற்றும் திறந்த மூலக் கருவி ஒன்றைக் கொழும்பிலிருந்து சில பேர் சேர்ந்து பராமரிக்கிறோம். விண்டோஸில் நிறுவும் செயலி ஒன்று, மற்ற நிரலர்கள் எடுத்துப் பாவிக்கப் பைத்தன் நூலகம் ஒன்று. பாவனையாளர்கள் பெரும்பாலும் அச்சகக்காரர்கள், பாடசாலை அலுவலகங்கள், பல வருடத்து உறுதிகளைக் கணினியில் சேர்த்து வைத்திருக்கும் நொத்தாரிசுகள். 2.0 பதிப்பு நெருங்கியபோது ஒரு தீர்மானம் எடுக்க வேண்டி வந்தது. இணையத்தளத்தையும் கையேட்டையும் எங்கே வைப்பது? ஒவ்வொரு வெளியீட்டுக்குப் பிறகும் எந்த வழியால் புதுப்பிப்பது? இதே கேள்வியோடு இருக்கும் மற்றத் தமிழ்த் திட்டங்களுக்கும் பயன்படும் என்பதால், நாங்கள் பார்த்த வழிகளை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

இப்படியான ஒப்பீடுகளில் வேகமும் வசதியும்தான் முதலில் வரும். எனக்கு அவை பிறகுதான். முதற்கேள்வி, ஒருவர் கையில் எந்தப் பதிப்பு இருக்கிறதோ அதற்குரிய பக்கம் அவருக்குக் கிடைக்குமா என்பது. கொட்டாஞ்சேனையில் அச்சகம் வைத்திருக்கும் ஐயா ஒருவர் தொலைபேசியில் சொன்னார்: “தம்பி, நீங்கள் எழுதியிருக்கிற பொத்தானை நான் தேடாத இடமில்லை. இஞ்ச அப்பிடி ஒண்டுமே இல்லை.” அவரிடம் இருந்தது 1.4. கூகுள் அவருக்குக் காட்டியது 2.0இன் முன்னோட்டக் கையேடு. தன் கணினியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, மனிதர் செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவியும் பார்த்திருக்கிறார். கையேடே இல்லாமல் இருந்திருந்தால் அவர் நேரே எங்களைக் கேட்டிருப்பார். வேறு பதிப்பின் கையேடு அவருடைய அரைநாளைத் தின்றுவிட்டது.

இரண்டாவது கேள்வி, தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தின் பின்னால் இழுபடாமல் அதே நாளில் வெளிவருமா என்பது. மூன்றாவது, டொலர். அதையே முதலில் பேசி முடித்துவிடுகிறேன்.

சொந்த சேர்வர்

மாதம் 5 டொலர் அளவுக்கு ஒரு சிறிய விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சேர்வர்) எடுத்து, மூலக் கோப்புகளிலிருந்து கட்டிய, அதாவது உருவாக்கிய, பக்கங்களை அதில் ஏற்றிவிடுவது பழைய வழி. முழுச் சுதந்திரம் இருக்கிறது. எந்த முகவரியிலிருந்து எங்கே திருப்பிவிடுவது, எந்தப் பதிப்பை எங்கே வைப்பது, எல்லாம் நம் கையில். ஆனால் 2022ஐ இலங்கையில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வழியின் பலவீனத்தைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது. மே மாதத்தில் 360ஐ எட்டியது. 1,000 ரூபாவாக இருந்த மாதக் கட்டணம் 1,800 ஆனது. விலையைவிடப் பெரிய சிக்கல், பல வங்கிகள் அட்டைகளின் வெளிநாட்டுப் பாவனையையே மட்டுப்படுத்தியதுதான். பணம் இருந்தாலும் கட்ட வழியில்லை. யாரோ ஒருவருடைய கடனட்டையை நம்பி நிற்கும் கையேடு, அந்த அட்டை மறுக்கப்பட்ட மாதத்திலேயே காணாமல் போய்விடும்.

வீட்டிலோ அலுவலகத்திலோ ஒரு கணினியை ஓடவிடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நினைத்தால் அந்த யோசனை அங்கேயே முடிந்துவிடுகிறது. பல்கலைக்கழக சேர்வரில் இலவச இடம் கிடைப்பதும் உண்டு, ஆனால் மாணவர் பட்டம் பெற்று வெளியேறும்போது கணக்கும் அவரோடு போய்விடும். இதற்கு மேல் பாதுகாப்புத் திருத்தங்கள், 90 நாளுக்கொருமுறை காலாவதியாகும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் (தளத்தின் இணைப்பைப் பாதுகாக்கும் இலவசச் சான்றிதழ்), நள்ளிரவில் நிறைந்துவிடும் வட்டு. முழுநேர வேலைக்குப் பிறகு கிடைக்கும் நேரத்தில் இந்தத் திட்டத்தைச் செய்பவர்கள் அந்த நேரத்தை எழுத்துப் பிழை திருத்தச் செலவழிப்பதே நல்லது. எங்கள் அளவிலான குழுவுக்குச் சொந்த சேர்வர் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டொலரில் கட்டாமல் முடியாது என்று பலர் நினைக்கும் ஒன்றை மட்டும் ரூபாவிலேயே கட்டலாம்: டொமைன், அதாவது தளத்தின் முகவரி. எல்கே டொமைன் பதிவகத்தில் உள்ளூர்க் கொடுப்பனவு செய்யலாம். டொட் எல்கே மட்டுமல்ல, 2010இல் அனுமதி கிடைத்த டொட் இலங்கை என்ற தமிழ் முகவரியும் அங்கே உண்டு. கையேட்டை யாருடைய இலவசச் சேவையில் வைத்தாலும், பாவனையாளர் நினைவில் வைக்கும் முகவரி நம்முடையதாக இருக்க வேண்டும். நிரல்களை வைக்கும் இலவசச் சேவையான கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டபோது அந்த முகவரியை அச்சிட்டிருந்த புத்தகங்களிலும் கையேடுகளிலும் இணைப்புகள் இனி மாறாத காப்பகப் பக்கத்தோடு நின்றுபோயின. இனி வரும் வழிகள் எல்லாவற்றிலும் சொந்த டொமைனைப் பூட்டலாம். ஆகவே இதை அவற்றுக்கிடையிலான வேறுபாடாக நான் கணக்கில் எடுக்கவில்லை.

கிட்ஹப் பேஜஸ்

எங்கள் நிரல் ஏற்கெனவே, நிரல்களைச் சேர்த்து வைக்கும் கிட்ஹப் தளத்தில்தான் இருக்கிறது. பொதுக் களஞ்சியத்துக்கு (எல்லோரும் பார்க்கக்கூடிய நிரற்கோப்புத் தொகுதிக்கு) அதன் இணையப் பக்கச் சேவையான பேஜஸ் இலவசம். அட்டை கேட்பதில்லை, விளம்பரம் இல்லை. தளத்தின் அளவு 1 ஜிகாபைட்டுக்குள், மாதப் போக்குவரத்து 100 ஜிகாபைட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற எல்லைகள் உண்டு. இரண்டாவது எல்லையை எங்களைப் போன்ற திட்டம் எட்டப்போவதில்லை.

முதலாவது எல்லையை எட்டலாம், அதற்குக் காரணம் பதிப்புகள். கிட்ஹப் பேஜஸுக்குப் பதிப்பு என்றால் என்னவென்றே தெரியாது. கொடுத்த கோப்புகளை அப்படியே பரிமாறும், அவ்வளவுதான். ஆகவே பதிப்புகளை நாங்களே அடுக்கிவைக்க வேண்டும். எழுத்துக் கோப்புகளிலிருந்து கையேட்டுப் பக்கங்களைக் கட்டும் எம்கே டொக்ஸ் என்ற கருவியைப் பாவிப்பவர்களுக்கு மைக் என்ற நல்ல துணைக்கருவி இருக்கிறது. ஒவ்வொரு வெளியீட்டையும் தனி அடைவாக ஜிஎச்-பேஜஸ் என்ற கிளைக்குள் (களஞ்சியத்தின் தனிப் பிரிவுக்குள்) போட்டு, எது ஆகப் புதியது என்ற மாற்றுப்பெயரையும் அதுவே பார்த்துக்கொள்ளும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்கிரீன்ஷொட்களோடு ஒரு மொழிக்கு 15 மெகாபைட் என்றால் தமிழ், ஆங்கிலம், சிங்களம் மூன்றுக்கும் 45. அப்படி 22 பதிப்புகள் சேர்ந்தால் 990 மெகாபைட். சில வருடங்களில் வந்து நிற்கக்கூடிய எண்தான் அது. அதற்கு முன்பே இன்னொரு தொல்லை வரும். கட்டிய பக்கங்கள் எல்லாம் கிளையில் கொமிட்டாக, அதாவது வரலாற்றில் நிற்கும் பதிவாக, சேர்வதால், களஞ்சியத்தைப் புதிதாக இறக்குபவர் அத்தனையையும் சேர்த்தே இறக்க வேண்டியிருக்கும். டேட்டா அட்டையில் வேலை செய்யும் ஒரு மாணவத் தன்னார்வலரை இப்படி வாசலிலேயே தடுக்க எனக்கு மனமில்லை. பழைய பதிப்புகளை அவ்வப்போது நீக்கலாம்தான், ஆனால் 1.4ஐ இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் அந்த அச்சகத்துக்குத்தான் அந்தப் பழைய பக்கம் தேவை.

எம்கே டொக்ஸைப் போன்ற ஸ்ஃபிங்ஸ் கருவியைப் பாவிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிளையிலிருந்து நேரடியாக வெளியிட்டால் கிட்ஹப் அதை ஜெகில் என்ற தளம் கட்டும் கருவி வழியாக ஓட்டும். அடிக்கோட்டில் தொடங்கும் அடைவுகளை ஜெகில் ஒதுக்கிவிடும். ஸ்ஃபிங்ஸோ வடிவமைப்புக் கோப்புகளை எல்லாம் அடிக்கோட்டில் தொடங்கும் அடைவில்தான் வைக்கிறது. விளைவு, எழுத்து மட்டும் வரும், பக்கத்தின் உடுப்பு வராது. நோஜெகில் என்ற பெயரில், முன்னால் ஒரு புள்ளியோடு, வெற்றுக் கோப்பு ஒன்றை மேலடைவில் போட்டால் சரியாகிவிடும். அக்‌ஷன்ஸ் வேர்க்ஃப்ளோவால் (கிட்ஹப் தானாகச் செய்யும் வேலைகளின் வரிசையால்) வெளியிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

இந்த வழியின் உண்மையான பலம் வரிசை நம் கையில் இருப்பது. பைத்தன் நூலகங்களை விநியோகிக்கும் பைப்பை தளத்துக்குத் தொகுப்பு ஏறி முடிந்தால் மட்டும் கையேட்டை வெளியிடு என்று வேர்க்ஃப்ளோவில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். இதற்கு மற்ற வழிகளில் இவ்வளவு சுத்தமான விடை இல்லை. குறைகள் என்றால், பக்கம் இடம் மாறினால் சேர்வர் மட்டத்தில் திருப்பிவிட வசதி கிடையாது, பழைய முகவரியில் ஒரு சிறு எச்டிஎம்எல் பக்கத்தை வைத்துத்தான் தள்ளிவிட வேண்டும். புல் ரிக்வெஸ்ட்டுக்கு (சேர்க்கச் சொல்லி ஒருவர் அனுப்பும் மாற்றத்துக்கு) முன்னோட்டப் பக்கமும் தானாக வராது.

ரீட் த டொக்ஸ்

2010இல் தொடங்கிய இந்தச் சேவை கையேடுகளுக்காகவே கட்டப்பட்டது. அது உடனே தெரிகிறது. களஞ்சியத்தில் டேக் (பதிப்பெண்ணைக் குறிக்கும் அடையாளம்) போட்டால் அதைப் பதிப்பாகப் பார்க்கிறது. ஸ்டேபிள் என்ற பெயர் முன்னோட்டமல்லாத ஆகக் கூடிய டேக்கையும், லேட்டஸ்ட் என்ற பெயர் பிரதான கிளையையும் சுட்டுகிறது. பழைய பதிப்பின் பக்கத்தைத் திறந்தவருக்கு மேலே ஓர் அறிவிப்பைக் காட்டலாம். ஓரத்தில் பதிப்பும் மொழியும் மாற்றும் பட்டி இருக்கிறது. தேடுபொறிகளை ஸ்டேபிளுக்கே போகச் சொல்லும் கனோனிக்கல் குறிப்பையும் போடலாம். கொட்டாஞ்சேனை ஐயாவின் அரைநாளை மிச்சப்படுத்தியிருக்கக்கூடியவை இவைதான். இவற்றைக் கிட்ஹப் பேஜஸிலும் கட்டலாம், முடியாதென்று சொல்லவில்லை. ஆனால் கட்டியதை யாரோ தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

மொழிகளைக் கையாளும் விதம் கொஞ்சம் சுற்றுவழி. ஒவ்வொரு மொழிக்கும் தனித் திட்டம் உருவாக்கி, அவற்றைத் தாய்த் திட்டத்தோடு மொழிபெயர்ப்பு என்று இணைக்க வேண்டும். முதல்நாள் அலுப்புத் தட்டும். பிறகு தமிழுக்கு ஒரு முகவரி, சிங்களத்துக்கு ஒரு முகவரி என்று பதிப்புகளோடு சேர்ந்து தானாக வந்துகொண்டிருக்கும். 2023 செப்டெம்பர் முதல் களஞ்சியத்துக்குள் அமைப்புக் கோப்பு கட்டாயம். அதுவும் நல்லதுதான், கட்டும் முறை எழுத்தில் இருக்கும்.

எங்களுக்கு இங்கே தீர்மானத்தைச் சாய்த்தது முன்னோட்டப் பக்கம். எங்கள் தமிழைத் திருத்தித் தருபவர் வெள்ளவத்தையில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சர் ஒருவர். அவர் கிட்ஹப்பைத் திறந்ததில்லை, திறக்க வேண்டிய தேவையும் இல்லை. புல் ரிக்வெஸ்ட் திறந்ததும் உருவாகும் முன்னோட்ட முகவரியை வட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். தொலைபேசியிலேயே வாசித்துவிட்டுக் குரல் பதிவில் சொல்வார்: “தம்பி, மூன்றாம் பந்தியில ‘கோப்பை’ எண்டு வருது, பிள்ளையள் குடிக்கிற கோப்பை எண்டு நினைக்கப்போகுதுகள், ‘கோப்பினை’ எண்டு போடுங்கோ.” நிரல் எழுதாத ஒருவர் வெளியீட்டுக்கு முன்பே கையேட்டைப் பார்க்கும் வழி இருந்தால் தமிழின் தரம் உயர்கிறது. இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். நல்ல தமிழ் தெரிந்தவர்களில் பெரும்பாலானோர் நம் களஞ்சியங்களுக்கு வெளியேதான் இருக்கிறார்கள்.

அடுத்தது பிடிஎஃப். இங்கே அலுவலகங்களில் கையேட்டை அச்சிட்டுக் கணினிக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். ஸ்ஃபிங்ஸ் கையேட்டை ரீட் த டொக்ஸ் பிடிஎஃப் ஆகவும் ஈபப் ஆகவும் கட்டித் தரும். ஆனால் தமிழுக்கு இரண்டு அமைப்புகள் இல்லாமல் அது வேலை செய்யாது. பிடிஎஃப் ஆக்கும் லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் இயந்திரத்தை ஸீலேடெக் என்று மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கட்டுமானமே தமிழ் எழுத்தைக் கண்டதும் நின்றுவிடும். பிறகு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஓர் எழுத்துருவைக் குறிப்பிட்டு, அதன் வரிவடிவம் தமிழ் என்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ‘கொ’வில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எங்கள் கையேட்டில் பாமினி உதாரணங்களும் உண்டு. ஆங்கில விசைகளில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று அடித்தால் பாமினியில் ‘தமிழ்’ தெரியும். அந்த விசைகளை ஆங்கில எழுத்தாகவே காட்டத் தனி எழுத்துரு வேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டும் சரியாக வரும்வரை பிடிஎஃபை வெளியிடாமல் வைத்திருப்பதே பாவனையாளருக்குச் செய்யும் நன்மை. இதே வேலையைக் கிட்ஹப் அக்‌ஷன்ஸிலும் செய்யலாம், ஆனால் லேடெக் தொகுப்பை ஒவ்வொரு முறையும் நாமே நிறுவ வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இலவசச் சேவையில் பக்கத்தின் ஓரத்தில் ஒரு விளம்பரம் வரும். பாவனையாளரைப் பின்தொடராத வகை விளம்பரம் என்றாலும், அரசாங்கப் பாடசாலையில் திறக்கும் பக்கத்தில் அது இருப்பதை எல்லோரும் விரும்பமாட்டார்கள். நான் ஏற்றுக்கொள்கிறேன், அந்தப் பணத்தில்தான் சேவை ஓடுகிறது. வடிவமைப்பில் தாராளம் எதிர்பார்க்கிறவர்களுக்கும் இந்த இடம் ஏமாற்றம் தரும். ஆகவே முகப்புப் பக்கத்தை இங்கே வைக்க நான் சொல்லமாட்டேன்.

க்ளவுட்ஃபிளேர் பேஜஸும் மற்றவையும்

வேகம் மட்டும்தான் கேள்வி என்றால் க்ளவுட்ஃபிளேரைத் தேர்ந்துவிடலாம். அவர்களுடைய தரவு நிலையம் ஒன்று கொழும்பிலேயே இருக்கிறது. இலவசத் திட்டத்தில் போக்குவரத்துக்கு எல்லை இல்லை, மாதம் 500 கட்டுமானம் வரை செய்யலாம், கிளைக்கொரு முன்னோட்டம் கிடைக்கிறது, ஒரு கோப்பில் எழுதிவைத்தால் 2,000 நிலையான திருப்பிவிடல்களை ஏற்கிறது. தளத்துக்கு 20,000 கோப்புகள், ஒரு கோப்புக்கு 25 மெபிபைட் என்பன எல்லைகள். விண்டோஸ் நிறுவியைக் கிட்ஹப் வெளியீட்டுப் பக்கத்தில் வைத்தால் இரண்டாவது எல்லை தொல்லை தராது. ஆனால் கிட்ஹப் பேஜஸைப் போலவே இதற்கும் பதிப்பு என்ற கருத்தே இல்லை. எல்லாப் பதிப்புகளையும் ஒரே கட்டுமானத்தில் திரட்டிக் கொடுப்பது நம் பொறுப்பு. டொக்குசோரஸ் என்ற கையேட்டுக் கருவியைப் பாவிப்பவர்களுக்கு இது பொருந்தும், ஏனென்றால் அது பழைய பதிப்புகளின் மூலப் பக்கங்களைக் களஞ்சியத்திலேயே பிரதியெடுத்து வைக்கிறது. பழைய பதிப்பில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டுமென்றால் பிரதிகள் எல்லாவற்றிலும் திருத்த வேண்டும் என்பது அதற்கான விலை.

நெட்லிஃபையும் இதே குடும்பம்தான், தனியாகச் சொல்ல அதிகமில்லை. கிட்லாப் பேஜஸ் நல்ல சேவை, ஆனால் 2021 முதல் புதிய கணக்குகளின் இலவசக் கட்டுமான நேரத்துக்கு அட்டைச் சரிபார்ப்புக் கேட்கத் தொடங்கினார்கள். அட்டை இல்லாத மாணவர்கள் பங்களிக்கும் திட்டத்துக்கு அது தேவையில்லாத கதவு.

தமிழில் தேடினால் கிடைக்குமா

எந்த ஒப்பீட்டிலும் எழுதப்படாத, ஆனால் தமிழ்க் கையேட்டுக்கு உயிரான விஷயம் தேடல் பெட்டி.

ஸ்ஃபிங்ஸோடு வரும் தேடல், சொற்களைப் பிரிக்கப் பைத்தனின் ‘சொல்லெழுத்து’ வகுப்பை நம்புகிறது. அந்த வகுப்பில் எழுத்தும் எண்ணும் உண்டு, உயிர்க்குறிகளும் புள்ளியும் இல்லை. ஆகவே ‘எழுத்துரு’ என்ற சொல் ‘எழ’, ‘த’, ‘த’, ‘ர’ என்று துண்டாகித் தேடல் அட்டவணையில் சேர்கிறது. அந்தத் துண்டுகளைக் கொண்டு தேடினால் சம்பந்தமில்லாத பக்கங்கள் வரும், அல்லது ஒன்றுமே வராது. பாவனையாளர் தன் தட்டச்சில் பிழை என்று நினைப்பார். எம்கே டொக்ஸின் தேடல் லூனர் என்ற நூலகத்தில் ஓடுகிறது. மொழியை ஆங்கிலமாகவே விட்டால், ஆங்கில எழுத்தல்லாதவற்றைச் சொல்லின் இரு முனையிலிருந்தும் அது செதுக்கிவிடும். தமிழ்ச் சொல்லில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. தமிழுக்கான மொழிக் கோப்பைச் சேர்த்தால் நிலைமை மாறும்.

ரீட் த டொக்ஸ் தன் சேர்வரில் எலாஸ்டிக்சேர்ச் என்ற தேடல் மென்பொருளைக் கொண்டு தேடுவதால் இந்தத் துண்டாடலிலிருந்து தப்பலாம். ஆனால் வேற்றுமை உருபுகளை அது அறியாது. ‘எழுத்துரு’ என்று தேடுபவருக்கு ‘எழுத்துருவை’ இருக்கும் பக்கம் தவறலாம், நட்சத்திரக் குறி சேர்த்து முன்னொட்டாகத் தேடினால் கிடைக்கும். அதைப் பாவனையாளருக்குச் சொல்லிக்கொடுப்பதைவிட, தலைப்புகளில் சொல்லை உருபில்லாமல் எழுதுவது சுலபம். ‘எழுத்துருவை மாற்றுதல்’ என்ற தலைப்பை ‘எழுத்துரு மாற்றம்’ என்று ஆக்குகிறோம். கிட்ஹப் பேஜஸிலோ க்ளவுட்ஃபிளேரிலோ வைப்பவர்களுக்கு நான் சொல்வது பேஜ்ஃபைண்ட் என்ற தேடல் கருவி. கட்டிய பக்கங்களின் மேல் ஓடி, பக்கத்தில் குறித்த மொழிக்கேற்பத் தனித்தனித் தேடல் அட்டவணை செய்கிறது. தேடும்போது தேவையான துண்டுகளை மட்டுமே உலாவி இறக்குவதால் தொலைபேசி டேட்டாவும் மிச்சம். எதைத் தேர்ந்தாலும், வெளியிடுவதற்கு முன் தமிழில் சில சொற்களைத் தேடிப்பார்க்காமல் விடாதீர்கள்.

மூலமொழி எது

ஸ்ஃபிங்ஸில் மொழிபெயர்ப்பு கெட்டெக்ஸ்ட் கோப்புகளில் (மூலத்தையும் அதன் மொழிபெயர்ப்பையும் சோடியாக வைக்கும் கோப்புகளில்) நடக்கிறது. மூலத்தில் ஒரு பந்தி மாறினால், அதன் மொழிபெயர்ப்பு சரிபார்க்கப்படும்வரை அந்த இடத்தில் மூலமொழியே தெரியும். வழக்கம்போல ஆங்கிலத்தை மூலமாக வைத்தால், ஒவ்வொரு வெளியீட்டிலும் தமிழ்ப் பக்கத்தின் நடுவே ஆங்கிலப் பந்திகள் முளைக்கும். வெளியீட்டு அவசரத்தில் மொழிபெயர்ப்புத்தான் எப்போதும் கடைசி.

இதைத் திருப்பிப் போடலாம் என்பது என் உறுதியான கருத்து. தமிழர்களுக்கான கருவியின் கையேடு தமிழில் எழுதப்பட்டு, ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் மொழிபெயர்க்கப்பட வேண்டும். கெட்டெக்ஸ்ட் அதைத் தடுப்பதில்லை, மூல வரி தமிழாக இருந்தாலும் வேலை செய்யும். ரீட் த டொக்ஸில் தாய்த் திட்டத்தின் மொழியைத் தமிழ் என்று வைத்தால் போதும். பிந்திப்போவதென்றால் ஆங்கிலம் பிந்தட்டும். ஆங்கிலம் வாசிப்பவர்கள் நிரலைப் பார்த்தாவது சமாளிப்பார்கள், பாடசாலை அலுவலகத்தில் இருப்பவருக்கு அந்த வழி இல்லை. விதிவிலக்கு ஒன்று: பைத்தன் நூலகத்தின் செயற்கூறு விளக்கங்கள் நிரலுக்குள்ளேயே ஆங்கிலத்தில் இருக்கின்றன, அவற்றைத் தனிக் கையேடாகப் பிரித்து ஆங்கிலத்தில் மட்டும் வைக்கிறோம்.

எங்கள் தீர்மானமும் வெளியீட்டு நாளும்

கையேடு ரீட் த டொக்ஸில், ஸ்ஃபிங்ஸில், தமிழ் மூலமாக. முகப்பும் அறிவிப்புகளும் இறக்கும் பொத்தானும் கிட்ஹப் பேஜஸில், பதிப்பு எதுவும் இல்லாத சில பக்கங்களாக. இரண்டும் சொந்த டொமைனின் கீழ். கையேடு பத்துப் பக்கத்துக்குள் அடங்கும் கருவி என்றால் இந்தப் பிரிப்புத் தேவையில்லை, எல்லாவற்றையும் கிட்ஹப் பேஜஸிலேயே வையுங்கள். குழுவில் எல்லோரும் ஜாவாஸ்கிரிப்ட் ஆட்கள் என்றால் டொக்குசோரஸும் க்ளவுட்ஃபிளேரும் உங்களுக்குக் கைக்கு இலகு.

எங்கள் தெரிவில் ஒரு கோணல் உண்டு. ரீட் த டொக்ஸ் டேக்கைக் கண்டதுமே ஸ்டேபிளைப் புதுப்பித்துவிடும், பைப்பைக்குத் தொகுப்பு ஏறியதா, நிறுவி தயாரா என்று பார்க்காது. பைப்பையில் ஒரு கோப்புப் பெயரை ஒருமுறை பாவித்தால், அழித்தாலும் அதே பெயரில் மறுபடி ஏற்ற முடியாது. ஆகவே தடுமாறினால் இல்லாத பதிப்பின் கையேடு முன்னால் நிற்கும். இதற்கு ஒரு வழியை, அப்பாச்சி அறக்கட்டளையின் திறந்த மூலத் திட்டங்களின் ஒழுங்கிலிருந்து எடுத்துக்கொண்டோம். அங்கே வெளியீட்டுக்கு முன் வேட்பாளர் பதிப்பொன்றை வைத்து, குறைந்தது 72 மணித்தியாலம் வாக்கெடுப்பை விட்டு, மூன்று ஆதரவு வாக்குகளாவது கிடைத்த பிறகே வெளியிடுவார்கள். இணையத்தளத்துக்கும் பொதுமக்கள் பார்ப்பதற்கு முன் பார்க்கும் முன்னோட்ட இடம் வைத்திருக்கிறார்கள். கொழும்பில் அப்பாச்சித் திட்டங்களில் வேலை செய்தவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இந்தப் பழக்கம் இங்கே அந்நியமில்லை. எங்கள் அளவில், முதலில் ஆர்சி (வேட்பாளர் பதிப்பு) டேக். அதற்கான கையேட்டை ரீச்சரும் அச்சகத்து ஐயாவும் பார்க்கிறார்கள். நிறுவியை வேறொரு கணினியில் நிறுவிப் பார்த்த பிறகுதான் இறுதி டேக், உடனே பைப்பை, கடைசியாக முகப்பின் பொத்தான்.

வெளியான பிறகு தெரியவரும் எழுத்துப் பிழைகளுக்காக டேக்கை நகர்த்துவதில்லை. ஸ்டேபிள் என்ற பெயரிலேயே ஒரு கிளை வைத்தால் ரீட் த டொக்ஸ் டேக்குக்குப் பதிலாக அந்தக் கிளையைப் பின்பற்றும். திருத்தங்கள் அங்கே போகும், நிரல் அசையாது. அந்தக் கிளையை இறுதி டேக்குக்குக் கையால்தான் நகர்த்த வேண்டும் என்பதால் மேலே சொன்ன கோணலும் இதிலேயே தீர்ந்துவிடுகிறது.

கட்டிய எச்டிஎம்எல் முழுவதையும் ஒரு ஸிப் கோப்பாக்கிக் கிட்ஹப் வெளியீட்டோடு இணைக்கிறோம். இணைய இணைப்பில்லாத அலுவலகத்துக்கு அது பென் டிரைவில் போகும். ரீட் த டொக்ஸ் ஒருநாள் கொள்கையை மாற்றினால் அதே கோப்புகளை வேறிடத்தில் விரித்து, டொமைனை அங்கே திருப்பிவிடலாம். டொமைன் கணக்கு, கிட்ஹப் நிறுவனக் கணக்கு, ரீட் த டொக்ஸ் திட்டம் மூன்றிலும் நிர்வாக உரிமை இரண்டு பேரிடம் இருக்கிறது. ஒருவர் கொழும்பில், மற்றவர் மட்டக்களப்பில். சிங்களக் கையேட்டில் நிறுவுதல், எழுத்துரு மாற்றம் என்ற இரண்டு அத்தியாயங்கள் மட்டுமே இப்போது முடிந்திருக்கின்றன, மிச்சத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.